அச்சான விடை சரிதானா? செஸ் புதிர்களைக் கணிப்பொறியால் சோதிக்கும் முறை

வாசகர்கள் வீட்டில் இருக்கும் செஸ் பலகையை எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு இக்கட்டுரையைப் படிக்க வேண்டுகிறேன். பலகை இல்லாதவர்கள் தாளில் 64 கட்டம் போட்டுக்கொண்டாலும் போதும். வெறுமனே வாசித்தால் பாதிதான் விளங்கும்.

முதலில் பெயர்கள். வெள்ளைக் காய்களை ஆடுபவரின் இடக்கைப் பக்கத்திலிருந்து எட்டுப் பத்திகளுக்கும் ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். அவரிடமிருந்து எதிர்ப்பக்கம் நோக்கி வரிசைகளுக்கு 1 முதல் 8 வரை எண். ஆகவே வெள்ளையின் இடக்கை மூலை ஏ1. கறுப்பு ராஜா ஆட்டத் தொடக்கத்தில் நிற்கும் கட்டம் இ8. காய்களை ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். ‘மந்திரி’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நம் வீடுகளில் மந்திரி என்றால் பிஷப். பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பிள்ளைக்கு மந்திரி என்றால் ராணி. பிஷப்பை அவர்கள் ‘சகடு’ என்பார்கள். வாய்மொழியாகப் புதிர் சொல்லும்போது இந்த ஒரு சொல்லாலேயே விடை தலைகீழாகிவிடும். சித்தூரிலும் திருப்பதியிலும் நம் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் ஆடுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

இப்போது பலகையில் மூன்றே காய்களை வையுங்கள். வெள்ளை ராஜா எஃப்6, வெள்ளை யானை இ1, கறுப்பு ராஜா எச்8. வெள்ளை ஆடி இரண்டு நகர்வுகளில் மேட் செய்ய வேண்டும். இது ஒரு பயிற்சித்தாளில் அச்சாகியிருந்த புதிர். அதில் கொடுத்திருந்த விடை, ராஜா எஃப்7. கறுப்பு ராஜாவுக்கு எச்7 தவிர வேறு போக்கிடம் இல்லை. அங்கே போனதும் யானை எச்1-க்கு வந்தால் மேட். விடை சரிதான்.

ஆனால் அந்தத் தாளைச் செய்த பத்து வயதுச் சிறுமி முதலில் எழுதியிருந்தது ராஜா ஜி6. பின்பக்கத்தில் விடையைப் பார்த்ததும் தான் எழுதியதை ரப்பரால் அழித்துவிட்டு எஃப்7 என்று திருத்தியிருந்தாள். அழித்த தடம் தாளில் தெரிந்தது. ஏனம்மா மாற்றினாய் என்று கேட்டேன். “புக்குல வேற மாதிரி இருக்கு தாத்தா” என்றாள். பலகையில் ஆடிக் காட்டு என்றேன். ராஜாவை ஜி6-இல் வைத்தாள். கறுப்பு ராஜாவுக்கு ஜி8 ஒன்றுதான் மிச்சம். அங்கே போனதும் யானை இ8. மேட்! அவள் விடையும் முழுக்கச் சரி.

செஸ் புதிருக்கு ஒரு மரபு உண்டு. முதல் நகர்வு ஒன்றே ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது வழி ஒன்று கண்டுபிடிக்கப்பட்டால் புதிர் கெட்டது என்று பொருள். ஆங்கிலப் புதிர்க்காரர்கள் அப்படிப்பட்ட எதிர்பாராத விடையைக் ‘குக்’ என்பார்கள். சமையல் என்று பொருள்படும் அதே சொல். பழுது புதிரில் இருந்தது. அழிக்கப்பட்டது குழந்தையின் சரியான விடை. பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும், வீட்டில் தமிழும் என்று வளரும் நம் பிள்ளைகளுக்கு அச்சில் வந்த எழுத்தின் மேல் பயம் சற்று அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் சோதிக்கும் முறையைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன்.

யானையை இ1-லிருந்து ஒரே ஒரு கட்டம் தள்ளி எஃப்1-இல் வைத்துப் பாருங்கள். ராஜா எஃப்7 என்ற விடை அப்படியே நிற்கும். ராஜா ஜி6 என்ற விடை விழுந்துவிடும். ஏனென்றால் ஜி8-க்குப் போன கறுப்பு ராஜா, எஃப்8-க்கு வரும் யானையை வெட்டிவிடும். புதிரை முதலில் அமைத்தவர் யானையை எஃப்1-இல் வைத்திருந்து, படம் வரைந்தவர் கை ஒரு கட்டம் நகர்ந்திருக்கலாம். அச்சுப் பிழை என்பது எழுத்தில் மட்டும் வருவதில்லை.

இந்த மாதிரி ‘இத்தனை நகர்வில் மேட்’ என்ற புதிர்களைச் சோதிப்பதில் கணிப்பொறிக்கு இணை இல்லை. காரணம் எளியது. மேற்படி மூன்று காய் நிலையில் வெள்ளைக்கு முதல் நகர்வாக 21 வழிகள் உள்ளன: ராஜாவுக்கு 7, யானைக்கு 14. ஒவ்வொன்றுக்கும் கறுப்பின் பதில்கள் அதிகம் போனால் 3. அதற்குப் பின் வெள்ளைக்கு 22-க்கு மேல் வழி கிடையாது. எல்லாவற்றையும் பெருக்கினாலும் 1,400-ஐத் தாண்டாது. மனிதன் சலித்துப்போவான், இயந்திரம் சலிக்காது. 1951-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டீட்ரிஷ் பிரின்ஸ் என்பவர் ஃபெராண்டி மார்க் 1 என்ற கணிப்பொறிக்கு இரண்டு நகர்வு மேட் புதிரை விடுவிக்கக் கற்றுக்கொடுத்தார். அது ஒரு புதிருக்குச் சுமார் 15 நிமிடம் எடுத்துக்கொண்டது. இன்று கைப்பேசி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடுகிறது.

செய்முறை இதுதான். ஸ்டாக்ஃபிஷ் என்ற இலவச நிரல் லிசெஸ் போன்ற இடங்களில் எவருக்கும் கிடைக்கிறது. காய்களைப் படத்தில் உள்ளபடி வைத்து, யாருடைய முறை என்பதைத் தேர்ந்தெடுங்கள். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: கறுப்பின் முறையை வெள்ளையின் முறையாக விட்டுவிட்டு, புதிர் தப்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். அடுத்து, எத்தனை வழிகளைக் காட்ட வேண்டும் என்று நிரலில் ஓர் அமைப்பு இருக்கும். பெரும்பாலும் அது 1 என்று இருக்கும். அதை 5 ஆக்குங்கள். ஒரு வழியை மட்டும் காட்டச் சொன்னால் அது சிறந்த ஒன்றைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். இரண்டாவது விடை இருப்பதே உங்களுக்குத் தெரியாது. ஐந்து வழிகள் காட்டும்போது ‘இரண்டில் மேட்’ என்று இரண்டு வரிகள் வந்தால் புதிர் கெட்டது. புதிர் அமைப்பவர்களுக்கென்றே பாப்பாய் என்ற இலவச நிரலும் உண்டு. அது கேட்ட நகர்வு எண்ணிக்கைக்குள் எல்லா வழிகளையும் தேடி, விடைகள் இத்தனை என்று பட்டியல் போடும். தொடக்கத்தில் பழகக் கொஞ்சம் கடினம். ஆனால் அதன் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

படம் கெட்டதா, புதிரே கெட்டதா என்று பிரித்தறிய ஒரு நல்ல பயிற்சி சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் அமெரிக்க மேதை பால் மார்ஃபியின் பெயரில் வழங்கும் சிறிய புதிர் ஒன்று. வெள்ளை: ராஜா சி8, யானை ஏ1, சிப்பாய் பி6. கறுப்பு: ராஜா ஏ8, பிஷப் பி8, சிப்பாய்கள் ஏ7, பி7. வெள்ளை ஆடி இரண்டில் மேட். விடை, யானை ஏ6! பி7 சிப்பாய் யானையை வெட்டினால் வெள்ளைச் சிப்பாய் பி7-க்கு வந்து மேட். வெட்டாமல் பிஷப்பை எங்கே நகர்த்தினாலும் யானை ஏ7-ஐ வெட்டி மேட். ஏ7 சிப்பாய் பி6-ஐ வெட்டலாமே என்றால், அது நகர்ந்தால் தன் ராஜாவை யானையின் வாயில் கொடுத்ததாகும், சட்டப்படி கூடாது. மிகச் சுத்தமான வேலை.

இப்போது அச்சில் ஒவ்வொரு காயாக விடுபட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளையின் பி6 சிப்பாய் விடுபட்டால் இரண்டு நகர்வில் மேட்டே கிடையாது. கறுப்பின் பி7 விடுபட்டால் அந்த வெள்ளைச் சிப்பாய் பி7-க்குப் போனாலே மேட். ஒரே நகர்வில் முடிந்துவிடும். பிஷப் விடுபட்டாலும் அப்படியே, யானை ஏ7-ஐ வெட்டி ஒரே நகர்வில் மேட். ஏ7 சிப்பாய் விடுபட்டால் இன்னும் வேடிக்கை: வெள்ளையின் முறையில் கறுப்பு ராஜா ஏற்கெனவே செக்கில் நிற்கிறது. அப்படி ஒரு நிலை ஆட்டத்தில் வரவே முடியாது என்பதால் நிரல் அதை ஏற்க மறுக்கும். யானை ஏ1-க்குப் பதில் ஏ3-இல் விழுந்தால் மட்டும் ஒன்றும் ஆகாது, விடை மாறாது. ஆகவே நிரல் ‘விடை இல்லை’ என்றோ ‘ஒன்றில் மேட்’ என்றோ சொன்னால் உடனே புதிர் அமைத்தவரைக் குறை சொல்லாதீர்கள். அச்சான விடையைப் படித்து, எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருந்தால் அந்த விடை பொருந்தும் என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே காயில் அகப்பட்டுவிடும்.

இதுவரை பார்த்தவை மேட் புதிர்கள். ‘வெள்ளை வெல்ல வேண்டும்’, ‘கறுப்பு டிரா செய்ய வேண்டும்’ என்று வரும் முடிவாட்டப் புதிர்கள் வேறு ஜாதி. அவற்றில் அச்சான விடை தவறிய கதைகளில் மிகப் புகழ்பெற்றது 1895-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்தது. அங்கே வார இதழ் ஒன்றில் செஸ் பகுதி நடத்திவந்த பார்பியே என்பவர் ஒரு நிலையை வெளியிட்டார். வெள்ளை: ராஜா பி6, சிப்பாய் சி7. கறுப்பு: ராஜா ஏ1, யானை டி5. கறுப்பு ஆடி டிரா என்பது அவர் தீர்ப்பு.

ஆடிப் பாருங்கள். யானை டி6 செக், ராஜா பி5. யானை டி5 செக், ராஜா பி4. யானை டி4 செக், ராஜா பி3. யானை டி3 செக், ராஜா சி2. இனி செக் கொடுத்துப் பயனில்லை என்ற இடத்தில் யானை டி4 என்று ஒரு தந்திரம். வெள்ளைச் சிப்பாய் சி8-இல் ராணியானால், யானை சி4-இல் செக் கொடுத்துத் தன்னையே பலி கொடுக்கும். ராணி வெட்டினால் கறுப்பு ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், டிரா. அச்சான விடை இதுதான். ஆசிரியர், வாசகர் எல்லோருக்கும் திருப்தி.

அதே நகரில் வசித்த ஃபெர்னாண்டோ சாவெத்ரா என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாருக்கு மட்டும் திருப்தி இல்லை. சிப்பாய் ஏன் ராணியாக வேண்டும்? யானையாகட்டுமே என்றார். சி8-இல் யானை! இப்போது ஸ்டேல்மேட் பலிக்காது. ஏ8-இல் மேட் மிரட்டல் இருப்பதால் கறுப்பு யானை ஏ4-க்குப் போய்த் தடுத்தாக வேண்டும். உடனே வெள்ளை ராஜா பி3. ஏ4 யானையும் அடிபடுகிறது, சி1-இல் மேட்டும் வருகிறது. இரண்டையும் தடுக்க முடியாது. டிரா என்று அச்சானது வெள்ளையின் வெற்றியாக மாறிவிட்டது. இன்றுவரை அந்த நிலைக்குச் சாவெத்ரா நிலை என்றே பெயர். அவரிடம் கணிப்பொறி இல்லை. அச்சானதைப் பலகையில் வைத்துப் பார்க்கும் பழக்கம் இருந்தது.

இந்த வகைப் புதிருக்கு இன்று ‘டேபிள்பேஸ்’ என்ற முடிவாட்ட அட்டவணை இருக்கிறது. குறைந்த காய்கள் உள்ள எல்லா நிலைகளையும் மேட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, இது வெற்றி, இது டிரா, இது தோல்வி என்று எழுதிவைத்த பேரேடு அது. அதில் ஊகத்துக்கு இடமே இல்லை. ராஜாக்களையும் சேர்த்து ஐந்து காய் வரை உள்ள சிசிஜி என்ற அட்டவணை 1 ஜிகாபைட்டுக்குள் அடங்கும். ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிகாபைட். ஏழு காய் அட்டவணை 2018-இல் முடிந்தது; அது 17 டெராபைட் அளவில் இருப்பதால் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, லிசெஸ் பலகையிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

சாவெத்ரா நிலையை இதில் போட்டால் ஒரு நுட்பம் தெரியும். யானை டி4-இல் செக் கொடுக்கும்போது ராஜா பி3 மட்டுமல்ல, சி3-க்குப் போனாலும் வெற்றிதான் என்று அட்டவணை சொல்லும். அப்படியானால் இதுவும் கெட்ட புதிரா? இல்லை. சி3-க்குப் போனால் யானை டி1, பிறகு ராஜா சி2, யானை டி4 என்று அதே இடத்துக்குத்தான் சுற்றி வர வேண்டும். இது வேறு வழியல்ல, சுற்று வழி. இந்த வித்தியாசத்தை இயந்திரம் சொல்லாது. பார்க்கும் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

பெரிய நூல்களும் தப்பவில்லை. 1851-இல் கிளிங், ஹார்விட்ஸ் என்ற இரு நிபுணர்கள் வெளியிட்ட நூலில், இரண்டு பிஷப்புகள் தனிக் குதிரையை எதிர்க்கும்போது, குதிரை பி7 போன்ற கட்டத்தில் ராஜாவை ஒட்டி நின்றுவிட்டால் அசைக்க முடியாத கோட்டை, டிரா என்று எழுதினார்கள். நூறாண்டுக்கு மேல் எல்லோரும் நம்பினார்கள். 1983-இல் அமெரிக்காவின் கென் தாம்சன் கணிப்பொறியில் எல்லா நிலைகளையும் கணக்கிட்டபோது, அந்தக் கோட்டை உடையும், மிக நீண்ட வெற்றிக்கு 66 நகர்வுகள் ஆகும் என்று தெரிந்தது. போட்டியில் 50 நகர்வு வரை காய் வெட்டப்படாமலும் சிப்பாய் நகராமலும் போனால் டிரா கேட்கலாம் என்று விதி இருக்கிறதே என்பீர்கள். உண்மை. ஆனால் புதிர் உலகில், தனியாகச் சொல்லாவிட்டால் அந்த விதி செல்லாது. அட்டவணையில் ‘வெற்றி, ஆனால் 50 நகர்வு விதியால் டிரா’ என்ற குறிப்பு வந்தால், புதிரைப் பொறுத்தவரை அது வெற்றிதான்.

காய்கள் ஏழுக்கு மேல் போனால் முழுமையான அட்டவணை கிடையாது. ஸ்டாக்ஃபிஷ் காட்டும் எண்ணை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். அந்த எண் ஒரு மதிப்பீடு, நிரூபணம் அல்ல. ஒரு பிஷப்பும் எச் பத்திச் சிப்பாயும் வெள்ளையிடம், எதிரே தனி ராஜா; பிஷப் எச்8 கட்டத்தின் நிறத்தில் போகாதது, கறுப்பு ராஜா அந்த மூலையில் நிற்கிறது. இது டிரா என்று நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். பழைய நிரல்கள் இதற்கே வெள்ளைக்குப் பெரிய சாதகம் என்று எண் காட்டிக்கொண்டிருந்தன. இப்போதைய நிரல்கள் எவ்வளவோ தேறிவிட்டன என்றாலும், இருபுறமும் சிப்பாய்கள் அடைத்துக்கொண்டு நிற்கும் நிலைகளில் எண்ணைப் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. நிரல் காட்டும் வழியில் கடைசிவரை ஆடிப் பார்த்து, எண் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். நகர்வுக்கு நகர்வு அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள்.

பழைய இந்தியப் புதிர்களைச் சோதிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1814-இல் பம்பாயில் ஆங்கிலத்தில் ஒரு செஸ் நூல் அச்சானது. சம்ஸ்கிருத மூலத்திலிருந்து பெயர்க்கப்பட்டது. பெரும்பகுதி புதிர் நிலைகள். ஆசிரியர் பெயர் திருவேங்கடாசார்ய சாஸ்திரி. ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டியதைப் பார்த்தால் சட்டென்று அடையாளம் தெரியாது. பெயரிலேயே நம் மலை இருக்கிறதல்லவா! அந்நூலின் தலைப்பிலேயே ‘ஐரோப்பிய ஆட்ட முறைக்கு ஏற்ப அமைத்தது’ என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். காரணம், நம் நாட்டு ஆட்டத்தின் விதிகள் வேறு. ஊருக்கு ஊர் மாறவும் செய்தன. சிப்பாய் முதல் நகர்விலும் ஒரே கட்டம்தான் போகும். கடைசி வரிசையை அடைந்த சிப்பாய் அந்தப் பத்திக்குரிய காயாகத்தான் மாறும். ராஜா ஒரு முறை குதிரை போலத் தாண்டலாம். எதிரியின் காய்களை எல்லாம் வெட்டித் தனி ராஜாவாக விட்டால் அதற்குத் தனிக் கணக்கு. தாத்தா சொல்லிக்கொடுத்த புதிரை இன்றைய நிரலில் போட்டுத் தப்பு என்று சொல்வது நியாயமாகாது. நான் ரயில்வேயில் தண்டவாளம் அளந்தவன். அகலப் பாதைக்கு இடைவெளி 1676 மில்லிமீட்டர், பாகாலா வழியாக முன்பு ஓடிய மீட்டர் பாதைக்கு 1000. ஒன்றின் அளவுகோலை மற்றதில் வைத்துப் பாதை கெட்டது என்று ரிப்போர்ட் எழுதினால் மேலதிகாரி என்ன சொல்வார்?

பிழை உறுதியானால் என்ன செய்வது? நூலின் பெயர், பதிப்பு, பக்கம், புதிர் எண் ஆகியவற்றுடன், காய்கள் நிற்கும் கட்டங்களை எழுத்தால் எழுதி, அச்சான விடையையும் நீங்கள் கண்ட விடையையும் முழு நகர்வுகளோடு பதிப்பாளருக்கு அனுப்புங்கள். ‘கணிப்பொறி சொல்கிறது’ என்று மட்டும் எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். நகர்வுகளைக் காட்டினால் மறுக்க முடியாது. வகுப்பு நடத்துவோர், விடைப்பக்கத்தோடு ஒத்துப்போகாத விடையைக் கண்டதும் சிவப்பு மையை எடுக்காமல், பிள்ளையைப் பலகையில் ஆடிக் காட்டச் சொல்ல வேண்டும். கறுப்பின் பதில்களை ஆசிரியரே ஆட வேண்டும், தயவு தாட்சண்யம் இல்லாமல். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மேட் காட்டினால் முழு மதிப்பெண். அந்தச் சிறுமியின் தாளில் ராஜா ஜி6-ஐ மறுபடி எழுதச் சொல்லி, இரண்டு விடைக்கும் சேர்த்து மதிப்பெண் கொடுத்தோம்.

பயிற்சி: வெள்ளை ராஜா எஃப்6, கறுப்பு ராஜா எச்8. வெள்ளை யானையை முதல் வரிசையில் ஏ1 முதல் எச்1 வரை எட்டுக் கட்டங்களிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். வெள்ளை ஆடி இரண்டில் மேட். எந்தெந்தக் கட்டத்தில் வைத்தால் ஒரே விடை, எதில் இரண்டு விடை, எதில் அப்படி ஒரு நிலையே இருக்க முடியாது? முதலில் பலகையில் செய்து தாளில் எழுதிய பிறகே நிரலைத் திறக்கவும்.